நான்கு ஓம், அறுபது வாட்: வேனில் ஸ்பீக்கர் கட்டும் கணக்கு

ஆடி மாதம் பிறந்துவிட்டால் சாத்தூரிலிருந்து இருக்கன்குடிக்குச் செல்லும் சாலையில் கூட்டம் தொடங்கிவிடும். அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் இடையே உள்ள மாரியம்மன் கோயிலுக்கு நடந்து வருவோர் ஒரு பக்கம். வேன் பிடித்து வருவோர் மறு பக்கம். அந்த வேன்களைக் கண் பார்ப்பதற்கு முன்பே காது கேட்டுவிடும். பாட்டு அவ்வளவு தூரம் முந்தி வரும்.

சாத்தூரை அடுத்த அச்சங்குளத்திலிருந்து அப்படி ஒரு வேன் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். அதில் ஓர் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் உண்டு. இடப்பக்க வாய்க்கு ஒன்று, வலப்பக்க வாய்க்கு ஒன்று. ஒவ்வொன்றின் முதுகிலும் "4 ஓம், 60 வாட்" என்று அச்சிட்டிருக்கிறது. பின் இருக்கைக்காரர்களுக்குப் பாட்டு சரியாகக் கேட்கவில்லை. எனவே அதே மாதிரி இன்னும் இரண்டு ஸ்பீக்கர்கள் வாங்கி, முன் ஸ்பீக்கர்களுக்குப் போகும் வயரிலேயே இணைத்து முறுக்கிவிடுகிறார்கள். பாட்டு பிரமாதமாக இருக்கிறது. இருபது நிமிடம் கழித்து நின்றுவிடுகிறது. ஆம்ப்ளிஃபயரைத் தொட்டால் கை சுடுகிறது. ஆறியதும் மீண்டும் பாடுகிறது. மூன்றாவது முறை கருகல் நாற்றம் வருகிறது. அதன் பிறகு பாட்டே இல்லை.

"சரக்கு மட்டம், ஏமாற்றிவிட்டார்கள்" என்று பேச்சு எழும். ஆனால் பழுது சரக்கில் இல்லை, கணக்கில் இருக்கிறது. அதுவும் பத்தாம் வகுப்பு மின்னியல் பாடத்தில் நீங்கள் போடும் கணக்குதான். அதை இப்போது போட்டுப் பார்ப்போம்.

ஸ்பீக்கருக்குள் என்ன இருக்கிறது?

பழைய ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பின்புறம் கனமான வளையக் காந்தம். அதன் நடுவே மோதிரம் போன்ற குறுகிய இடைவெளி. அந்த இடைவெளிக்குள் மெல்லிய செம்புக் கம்பியாலான ஒரு சுருள் தொங்குகிறது. இதற்கு ஒலிச்சுருள் என்று பெயர். சுருள் ஒரு தாள் கூம்போடு ஒட்டப்பட்டிருக்கிறது. சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் காந்தப்புலம் அதை முன்னே தள்ளும். மின்னோட்டம் திசை மாறினால் பின்னே இழுக்கும். நொடிக்கு 200 முறை திசை மாறும் மின்னோட்டத்தை அனுப்பினால் கூம்பு 100 முறை முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிரவைக்கும். அதுதான் ஒலி. மின்மோட்டாரில் வேலை செய்யும் அதே விசைதான் இங்கும்; சுழல்வதற்குப் பதிலாக அசைகிறது, அவ்வளவே. இன்று நாம் பயன்படுத்தும் இந்த அமைப்பை அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரு பொறியியலாளர்கள் 1925-இல் செம்மைப்படுத்தினார்கள்.

இனி அந்த "4 ஓம்". மல்ட்டிமீட்டரை எடுத்து ஸ்பீக்கரின் இரு முனைகளுக்கிடையே மின்தடையை அளந்தால் 4 வராது, 3.3, 3.5 என்று ஏதாவது காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை. அது பேட்டரியின் நேர்மின்னோட்டத்தைச் செலுத்தி, கம்பியின் மின்தடையை மட்டும் அளக்கிறது. பாட்டோ மாறுதிசை மின்னோட்டம். சுருள் என்பதால் மின்தூண்டலும் சேர்கிறது. கூம்பின் அசைவும் எதிர்த்து நிற்கிறது. இவையெல்லாம் சேர்ந்த மொத்த எதிர்ப்பைத்தான் மின்எதிர்ப்பு என்கிறோம். கடைக்காரர் இதையே இம்பீடன்ஸ் என்பார். இரண்டுக்கும் அலகு ஓம்தான்.

மின்எதிர்ப்பு ஒரே எண்ணாக நிற்பதும் இல்லை. ஒரு குறிப்பிட்ட தாழ்ந்த அதிர்வெண்ணில், அதாவது கூம்பின் ஒத்ததிர்வில், அது பல மடங்கு உயரும், பிறகு இறங்கும், உயர்ந்த சுரங்களில் மீண்டும் ஏறும். "4 ஓம்" என்று அச்சிடுவது ஒரு பெயரளவு மதிப்பு. எந்தச் சுரத்திலும் மின்எதிர்ப்பு அதில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது சர்வதேசத் தர விதி. ஆகவே 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 ஓமுக்குக் கீழே போகாது என்று ஆம்ப்ளிஃபயர் நம்பலாம்.

ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தால்

ஜெர்மனியில் கொலோன் நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியராகப் பணியாற்றிய ஜார்ஜ் சைமன் ஓம், 1827-இல் தம் விதியை நூலாக வெளியிட்டார். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். நம் வேன் ஆம்ப்ளிஃபயர் முழு ஒலியில் ஒவ்வொரு வாயிலும் 16 வோல்ட் தருகிறது என்று கொள்வோம்.

ஒரு 4 ஓம் ஸ்பீக்கர்: மின்னோட்டம் 16 ÷ 4 = 4 ஆம்பியர். திறன் 16 × 4 = 64 வாட்.

இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்கள் பக்க இணைப்பில்: மொத்தம் 2 ஓம். மின்னோட்டம் 16 ÷ 2 = 8 ஆம்பியர். திறன் 128 வாட்.

இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்கள் தொடரிணைப்பில்: மொத்தம் 8 ஓம். மின்னோட்டம் 2 ஆம்பியர். திறன் 32 வாட்; ஸ்பீக்கருக்கு 16 வாட்.

வேனில் செய்தது இரண்டாவது வகை. ஸ்பீக்கர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. ஒவ்வொன்றும் முன்பு வாங்கிய 64 வாட்டையே வாங்கியது. ஆனால் ஆம்ப்ளிஃபயரின் டிரான்சிஸ்டர்கள் 4 ஆம்பியருக்குப் பதில் 8 ஆம்பியரைச் சுமந்தன. அவற்றில் பிறக்கும் வெப்பமும் இரட்டித்தது. வெப்பக்காப்பு உள்ள ஆம்ப்ளிஃபயர் தானே நின்று ஆறியது. கடைசியில் அதனாலும் தாங்க முடியவில்லை. ஓம் குறைந்தால் சுமை குறைவு என்று பலர் எண்ணுகிறார்கள். நேர்மாறானது உண்மை. ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயரின் சுமை கூடும்.

அப்படியானால் பின் இருக்கைக்கு வழியே இல்லையா? உண்டு. ஆம்ப்ளிஃபயரின் கையேட்டில் "குறைந்த அளவு 2 ஓம்" என்றிருந்தால் பக்க இணைப்பு சரி. "குறைந்த அளவு 4 ஓம்" என்றிருந்தால் பக்கத்துக்கு இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் வாங்கிப் பக்க இணைப்பில் போடலாம். மொத்தம் 4 ஓம் வரும். ஆளுக்கு 32 வாட். நான்கு 4 ஓம் ஸ்பீக்கர்கள்தான் இருக்கின்றன, ஒரே வாயில்தான் கட்ட வேண்டும் என்றால், இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து அந்த இரு ஜோடிகளையும் பக்கத்தில் இணையுங்கள். 8 ஓமும் 8 ஓமும் பக்க இணைப்பில் 4 ஓம். ஒவ்வொன்றுக்கும் 16 வாட் கிடைக்கும். நாலா பக்கமும் பாட்டு கேட்கும், ஆம்ப்ளிஃபயரும் பிழைக்கும்.

ஒரு பாடநூல் குழப்பம்

இங்கே ஒரு கேள்வி எழலாம். "மின்கலத்தின் அகத்தடையும் புறத்தடையும் சமமாக இருந்தால்தான் பெரும அளவு திறன் வெளியே வரும் என்று படித்தோமே! அப்படியானால் ஆம்ப்ளிஃபயரின் அகத்தடை 4 ஓமா?"

இல்லை. இன்றைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் அகத்தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பொதுவாக இருக்கும். இரண்டையும் சமப்படுத்தினால் பிறக்கும் திறனில் பாதி ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே வெப்பமாகிவிடும். அதை யாரும் விரும்புவதில்லை. "4 ஓமுக்குப் பொருத்தமானது" என்பதன் பொருள் வேறு: 4 ஓம் இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்கும்படி டிரான்சிஸ்டர்களும் மின்வழங்கியும் வெப்பத் தகடும் அமைத்திருக்கிறார்கள் என்பதே. 8 ஓம் இணைத்தால் ஆபத்தில்லை, திறன்தான் பாதியாகும்.

வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் இருந்த காலத்தில் நிலைமை வேறு. வால்வின் அகத்தடை மிகவும் அதிகம். எனவே வெளிவாயில் ஒரு மின்மாற்றி வைத்து 4, 8, 16 ஓம் என்று தனித்தனி முனைகள் தந்தார்கள். ஸ்பீக்கருக்கு ஏற்ற முனையில்தான் இணைக்க வேண்டும். ஸ்பீக்கரே இல்லாமல் முழு ஒலி வைத்தால் மின்மாற்றி எரிந்துபோகக்கூடும். டிரான்சிஸ்டர் வகையில் ஸ்பீக்கர் இல்லாமல் இருப்பது தவறல்ல; முனைகள் ஒன்றையொன்று தொடுவதுதான் ஆபத்து.

காருக்கு ஏன் 4 ஓம்?

வீட்டு ஸ்பீக்கர்கள் பல 8 ஓம். கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். காரணம் பேட்டரி. அமெரிக்காவில் மோட்டரோலா கார் ரேடியோ விற்பனைக்கு வந்தது 1930-இல். அன்று கார் பேட்டரி 6 வோல்ட். 1950-களில்தான் 12 வோல்ட் பரவியது. இஞ்சின் ஓடும்போது இது சுமார் 14.4 வோல்ட் ஆகும். தனி மின்மாற்றுச் சுற்று இல்லாத கார் ஸ்டீரியோ இதற்கு மேல் போக முடியாது.

எளிய சுற்றில் அலை மேலே 7.2, கீழே 7.2 வோல்ட்தான் ஆடும். அலையின் உச்சத்தை 1.414-ஆல் வகுத்தால் பயனுறு மதிப்பு கிடைக்கும்; அதுவே ஆர்.எம்.எஸ். இங்கே சுமார் 5 வோல்ட். 8 ஓமில் 5 × 5 ÷ 8 = 3 வாட் மட்டுமே. 4 ஓமில் 6 வாட். கிடைக்கும் வோல்ட் குறைவு என்பதால் ஓமைக் குறைத்து மின்னோட்டத்தைக் கூட்டுகிறார்கள்.

இன்னும் வேண்டும் என்றால் ஓர் உத்தி உண்டு. ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் இரண்டு பெருக்கிகளை வைத்து, ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்கும்படி செய்வார்கள். இதற்குப் பாலச் சுற்று என்று பெயர். மின்னழுத்தம் இரட்டிக்கும், திறன் நான்கு மடங்காகும். 10 × 10 ÷ 4 = 25 வாட். இன்றைய கார் ஸ்டீரியோக்களில் இதுவே வழக்கம். இதில் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, பழைய வண்டிகளில் செய்வதுபோல் ஸ்பீக்கரின் ஒரு முனையை வண்டியின் உடம்போடு எர்த் செய்யக்கூடாது. செய்தால் ஒரு பெருக்கி நேராகக் குறுக்கிணைப்பாகிவிடும். இரண்டாவது, தனி ஆம்ப்ளிஃபயரின் இரு வாய்களைப் பாலமாக இணைக்கும்போது ஒவ்வொரு பாதிக்கும் பாதி ஓம்தான் தெரியும். எனவே ஒரு வாய்க்கு 2 ஓம் தாங்கும் ஆம்ப்ளிஃபயர், பாலமாக்கினால் 4 ஓமே தாங்கும்.

அட்டைப்பெட்டியின் வாட்

கார் ஸ்டீரியோவின் அட்டைப்பெட்டியில் "50 வாட் × 4" என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இப்போதுதானே 25 வாட் என்று கண்டோம்? 14.4 × 14.4 ÷ 4 = 52. ஆம், அந்த 50 இங்கிருந்துதான் வருகிறது. அலை ஓயாமல் உச்சத்திலேயே நின்றால், அதாவது பாட்டு பாட்டாகவே இல்லாமல் சதுர அலையாக மாறினால் கிடைக்கும் எண் அது. கேட்கச் சகிக்காது.

உண்மையைக் கண்டுபிடிக்க எளிய வழி, பின்னால் உள்ள ஃபியூஸைப் பார்ப்பது. 10 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் உள்ளே போகக்கூடியது 14.4 × 10 = 144 வாட். இதிலிருந்து தொடர்ந்து 200 வாட் வெளியே வர முடியுமா? ஆற்றல் அழிவின்மை விதி இடம் தராது. வெப்பமாகப் போவதைக் கழித்தால் ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் சொச்சமே மிஞ்சும். ஒப்பிடும்போது எப்போதும் ஆர்.எம்.எஸ். வாட்டையே ஒப்பிடுங்கள், "மேக்ஸ்", "பி.எம்.பி.ஓ." என்று வரும் எண்களை விட்டுவிடுங்கள்.

ஸ்பீக்கரின் "60 வாட்" என்பது அது தரும் அளவல்ல, தாங்கும் அளவு. சாதாரண ஸ்பீக்கர் தனக்கு வரும் மின்னாற்றலில் நூற்றில் ஒரு பங்கையே ஒலியாக்குகிறது. மற்றதெல்லாம் அந்தச் சிறு சுருளில் வெப்பம். ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், 60 வாட் வாங்கும் சுருளின் பாடு புரியும். சுருள் கருகுவதும், பசை இளகிக் கழல்வதும் இதனால்தான்.

அப்படியானால் சிறிய ஆம்ப்ளிஃபயர் பாதுகாப்பா? எப்போதும் அல்ல. பாட்டில் உரத்த இடங்கள் கணநேரம்தான். சராசரித் திறன் உச்சத்தில் சிறு பங்கே. போதாத ஆம்ப்ளிஃபயரில் குமிழை முழுக்கத் திருகினால் அலையின் தலையும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். மெல்லிய இடங்களும் உரத்து, சராசரி ஏறும். ஒரே உச்சமுள்ள சைன் அலையைவிடச் சதுர அலைக்கு இரு மடங்கு திறன். வெட்டுப்பட்ட அலையில் புதிதாகத் தோன்றும் உயர் அதிர்வெண்கள் நேரே டுவீட்டருக்குப் போகும். அதன் சுருள் மயிரிழை போன்றது. அதுவே முதலில் எரியும். எனவே விதி இது: ஆம்ப்ளிஃபயரின் ஆர்.எம்.எஸ். வாட்டும் ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். வாட்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும். பாட்டு கரகரத்த உடனே குமிழைக் குறையுங்கள்.

வாட்டை இரட்டித்தால் சத்தம் இரட்டிக்குமா?

இரட்டிக்காது. வாட் இரு மடங்கானால் ஒலி மட்டம் 3 டெசிபெல் மட்டுமே ஏறும். காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்றே படும். இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும். அதாவது பத்து மடங்கு வாட். ஸ்பீக்கர்களின் கூருணர்வும் வேறுபடும். 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 88 டெசிபெல் தரும் ஸ்பீக்கருக்குப் பதிலாக 91 தரும் ஸ்பீக்கரை வாங்கினால், ஆம்ப்ளிஃபயரை மாற்றாமலே வாட்டை இரட்டித்த பலன் கிடைக்கும். பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்குவதைவிட நல்ல ஸ்பீக்கர் வாங்குவது மலிவு.

கோயில் கொடையில் கம்பத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குழாய் காற்றோடு நன்கு இணைவதால் 1 வாட்டுக்கே 105 டெசிபெல் அளவு தரும். 32 வாட் கொடுத்தால் 15 கூடி 120. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். 32 மீட்டருக்கு அப்பால் 90. குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபெல். ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும் என்றும், இரவு 10 முதல் காலை 6 வரை பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்வது அதே விதிகள்தான். தேர்வுக்குப் படிக்கும் உங்களுக்கு இதன் அருமை தெரியும்.

தெருக்கோடி வரை ஐந்து குழாய்களைக் கட்டும் மைக்செட்காரர் ஓம் கணக்கை எப்படிச் சமாளிக்கிறார்? ஐந்து 8 ஓம் குழாய்கள் பக்க இணைப்பில் 1.6 ஓம். நீண்ட வயரின் தடை 2 ஓம் என்றால் பாதிக்கு மேற்பட்ட திறன் வயரிலேயே வீணாகும். அதனால் ஆம்ப்ளிஃபயரில் 100 வோல்ட் என்றொரு முனை இருக்கும். ஒவ்வொரு குழாயிலும் ஒரு சிறு மின்மாற்றி. 20 வாட் எடுக்கும் குழாய் 100 வோல்ட் கம்பிக்கு 500 ஓமாகத் தெரியும். ஐந்தும் சேர்ந்து 100 ஓம். மின்னோட்டம் 1 ஆம்பியர். வயர் இழப்பு 2 வாட். இங்கே ஓமைக் கூட்ட வேண்டியதில்லை. வாட்டைக் கூட்டினால் போதும். 100 வாட் ஆம்ப்ளிஃபயருக்கு 20 வாட் குழாய் ஐந்து. மின்வாரியம் உயர்ந்த மின்னழுத்தத்தில் மின்சாரத்தை அனுப்புவதும் இதே காரணத்தால்தான். ஆனால் 100 வோல்ட் கம்பியைத் தொட்டால் அதிர்ச்சி அடிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

வயரும் பொறியும்

வேனுக்குத் திரும்புவோம். பின் ஸ்பீக்கருக்கு 10 மீட்டர் வயர் என்றால் போக வர 20 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பில் இதன் தடை 0.34 ஓம், பரவாயில்லை. அதில் கால் பங்கு பருமனுள்ள வயர் என்றால் 1.36 ஓம், 4 ஓம் ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய திறனில் நான்கில் ஒரு பங்கு வயரில் போய்விடும்.

ஆனால் பெரிய கவனம் வேண்டியது பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் வயருக்கு. 12 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். அதன் உறை உரசித் தேய்ந்து வண்டியின் இரும்பைத் தொட்டால், கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். கணத்தில் வயர் பழுக்கும், பொறி பறக்கும். இதைத் தடுப்பது ஃபியூஸ் ஒன்றே. அதைப் பேட்டரிக்கு அருகிலேயே வைக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயருக்கு அருகில் வைத்தால் இடைப்பட்ட வயருக்குக் காப்பு இல்லை. எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றுவது தற்கொலைக்கு ஒப்பானது.

பொறி என்றால் என்ன என்று இந்த வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். அந்த விபத்துக்கும் ஸ்பீக்கருக்கும் தொடர்பில்லை. ஆனால் மருந்து இருக்கும் அறையில் பொறி எழுப்பும் இரும்புக் கருவியைக்கூடத் தவிர்க்கும் எச்சரிக்கை, திருவிழா நாளில் மட்டும் மறந்துபோகிறது. ஊர்வலத்தில் ஆம்ப்ளிஃபயரும் பேட்டரியும் பட்டாசுக் கட்டும் ஒரே வண்டியில் போவதைக் கண்டால் தயங்காமல் சொல்லுங்கள்: இரண்டும் தனித்தனி வண்டியில், தள்ளித்தான் போக வேண்டும்.

செய்து பாருங்கள்

1. ஒரு பழைய ஸ்பீக்கரின் முனைகளை 1.5 வோல்ட் பேட்டரியால் ஒரு கணம் தொடுங்கள். கூம்பு முன்னே வந்தால், பேட்டரியின் நேர்முனை பட்டதே ஸ்பீக்கரின் நேர்முனை. இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றை மாற்றி இணைத்தால், ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். தவில், டிரம் ஓசை மெலிந்துவிடும்.

2. ஓர் ஆம்ப்ளிஃபயர் வாய் 4 ஓமில் 36 வாட் தருகிறது. அதன் மின்னழுத்தம் என்ன? 8 ஓம் ஸ்பீக்கருக்கு எத்தனை வாட் கிடைக்கும்?

3. குறைந்த அளவு 4 ஓம் தாங்கும் வாயில் எத்தனை 16 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் போடலாம்?

(விடை: 2. 12 வோல்ட், 18 வாட். 3. நான்கு.)

அடுத்த முறை உங்கள் ஊர் வேனில் யாராவது "இன்னொரு ஸ்பீக்கர் சேர்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால், முதலில் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி அதன் முதுகில் உள்ள எண்ணைப் படியுங்கள். பிறகு ஒரு துண்டுத் தாளில் வகுத்தல் கணக்கு ஒன்று போடுங்கள். அதன் பிறகு வயரைத் தொடலாம்.